பத்தாவது ஆள் வந்தாச்சா?

முதல்ல ஒரு கேள்வி. உங்க கிளாஸ்ல மொத்தம் 60 பேர். அன்னிக்குச் செம மழை. வந்து சேர்ந்தது 9 பேர்தான். மேடம் என்ன பண்ணுவாங்க? அந்த 9 பேருக்கும் பாடத்தை நடத்திட்டு, மீதிப் பேருக்கு ஆப்சென்ட் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க. சரிதானே?

இப்போ கொஞ்சம் மாத்தி யோசிங்க. ‘10 பேர் இருந்தாத்தான் கிளாஸ். 9 பேர்னா சாக்பீஸையே தொட மாட்டேன்’னு ஒரு ரூல் இருந்தா? அந்தப் பத்தாவது ஆளைத் தேடி ஹாஸ்டல்ல ரூம் ரூமா ஓட மாட்டோமா? (‘கேன்டீனுக்குத்தான் ஓடுவோம்’னு சொல்ற கடைசி பெஞ்ச் மக்களே... உஷ்!)

இப்படி ஒரு ரூலை 1,800 வருஷத்துக்கும் மேலா வெச்சிருக்கிற இடம்தான் சினகாக். நம்ம தமிழ் பைபிள்ல ‘ஜெப ஆலயம்’னு வருமே, அதேதான். யூதர்களோட வழிபாட்டு இடம். கோயில், மசூதி, சர்ச் எல்லாம் நமக்குப் பக்கத்துத் தெரு. சினகாக் மட்டும் கொஞ்சம் தூரம். ரொம்ப தூரமும் இல்லை பாஸ், பக்கத்துக் கொச்சியிலயே இருக்கு!

அந்த 10 பேர் கூட்டத்துக்குப் பேர் ‘மின்யான்’. பழைய மரபுப்படி 13 வயசு தாண்டின 10 யூத ஆண்கள். அவங்க கூடினாத்தான் சில பிரார்த்தனைகளையே சொல்ல முடியும். தோரா என்கிற அவங்க வேதச் சுருளை எடுத்து, சபையில முறைப்படி வாசிக்கவும் 10 பேர் வேணும். 9 பேர் இருந்தா அவங்கவங்க தனித்தனியா ஜெபிக்கலாம். ஆனா அது சபை ஆகாது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்ன தெரியுமா? அந்தப் பத்தாவது ஆள் பெரிய படிப்பாளியா இருக்கணும்னு அவசியமே இல்லை. 9 குருமார் சேர்ந்தாலும் மின்யான் ஆகாது, 10 செருப்புத் தைக்கிறவங்க சேர்ந்தா ஆகும்னு யூதர்கள்கிட்டே ஒரு பேச்சு வழக்கே இருக்கு. அரியர் வெச்சவரும் கோல்டு மெடலிஸ்ட்டும் அங்கே ஒரே கணக்கு. ப்ராக்ஸி மட்டும் செல்லாது. நீங்களே வரணும்.

வெள்ளி டு வெள்ளி

சரி, ஒரு வாரம் அங்கே எப்படி ஓடும்?

நமக்கு நாள்னா நள்ளிரவு 12 மணிக்கு மாறும். அவங்களுக்கு சூரியன் மறையும்போது மாறும். அதனால வாரத்தோட முக்கியமான நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஆரம்பிச்சுடும். அதுதான் ‘ஷபாத்’, ஓய்வுநாள். சூரியன் மறையறதுக்கு 18 நிமிஷம் முன்னாடியே வீட்டுல விளக்கு ஏத்திடறது பல இடங்கள்ல வழக்கம். சினகாக்ல ஷபாத்தை வரவேற்கிற பாட்டுகள் முடிஞ்சதும், வீட்டுக்கு வந்து ஒயின் மேல ஆசீர்வாதம் சொல்லி, துணி போட்டு மூடி வெச்ச ரெண்டு ரொட்டியைப் பிட்டுச் சாப்பிடுவாங்க.

அதுலேருந்து சனிக்கிழமை ராத்திரி வானத்துல மூணு நட்சத்திரம் தெரியற வரைக்கும் வேலை கிடையாது. வேலைன்னா ஆபீஸ் வேலை மட்டும்னு நினைக்காதீங்க. மொத்தம் 39 வகை வேலைகளுக்குத் தடை. நெருப்பு மூட்டக் கூடாது, எழுதக் கூடாது, காசைத் தொடக் கூடாது. முறையா கடைப்பிடிக்கிறவங்க ஸ்விட்சையே தொட மாட்டாங்க. டைமர் செட் பண்ணி வெச்சிருப்பாங்க. சில நாடுகள்ல, யாரும் பட்டனை அழுத்தாமலே ஒவ்வொரு மாடியிலயும் தானா நின்னு நின்னு போற ‘ஷபாத் லிஃப்ட்’டும் இருக்கு. டிரிபிள்-ஈ மக்களே, நம்ம சப்ஜெக்ட் எங்கெல்லாம் நுழைஞ்சிருக்கு பாருங்க!

சனிக்கிழமை காலையிலதான் மெயின் நிகழ்ச்சி. தோராச் சுருளை வெளியே எடுப்பாங்க. தோல்ல கையாலேயே எழுதினது. மொத்தம் 3,04,805 எழுத்து. அதுல ஒரு எழுத்து அழிஞ்சு போனாலும், சரி பண்ற வரைக்கும் அந்தச் சுருளை சபையில வாசிக்கக் கூடாது. அதுல உயிர்க் குறியும் கிடையாது, ராகக் குறிப்பும் கிடையாது. வாசிக்கிறவர் முன்கூட்டியே பிராக்டீஸ் பண்ணிட்டு வரணும். தப்பா வாசிச்சா பக்கத்துல நிக்கிறவங்க அங்கேயே திருத்துவாங்க. மொத்தத் தோராவும் 54 பகுதி. வாரா வாரம் வாசிச்சு, வருஷக் கடைசியில முடிக்கிற அன்னிக்கே மறுபடி முதல் பகுதியைத் தொடங்கிடுவாங்க. சனிக்கிழமை காலையில 7 பேரையாவது பேர் சொல்லி, அப்பா பேர் சொல்லி, மேடைக்குக் கூப்பிடுவாங்க. அதாவது வர்றவங்க வேடிக்கை பார்த்துட்டுப் போக முடியாது.

திங்கள், வியாழன் காலையிலும் கொஞ்சம் வாசிப்பு உண்டு. ஏன் இந்த ரெண்டு நாள்? அந்தக் காலத்துல அதுதான் சந்தை நாளாம். கிராமத்துக்காரங்க காய்கறி விக்க டவுனுக்கு வருவாங்க, அவங்களுக்கும் வேதம் காதுல விழட்டுமேன்னுதான் என்று மரபு சொல்லுது.

ஷபாத் முடியறப்போ ஒரு அழகான சின்னச் சடங்கு. பின்னல் மாதிரி முறுக்கின மெழுகுவத்தி, ஒயின், கிராம்பு மாதிரி வாசனைப் பொருள். அந்த வாசனையை ஆளுக்கு ஆள் கைமாத்தி முகர்ந்துட்டு, ஓய்வுநாளை வழியனுப்பிட்டு, அடுத்த வாரத்துக்குள்ள நுழைவாங்க.

ஒன்பது பேர் எதுக்கு?

இதெல்லாம் சரி, 10 பேர்ல அப்படி என்ன இருக்குன்னு கேட்கிறீங்களா? ஒருத்தர் வீட்டுல அப்பாவோ அம்மாவோ இறந்துட்டாங்கன்னு வைங்க. மகன் ‘கத்திஷ்’னு ஒரு பிரார்த்தனையைச் சொல்லணும். வழக்கமா 11 மாசம், தினமும். அராமிக் மொழியில இருக்கிற அந்தப் பிரார்த்தனையில சாவைப் பத்தி ஒரு வார்த்தைகூட வராது. முழுக்க கடவுளைப் புகழறதுதான்.

அதைத் தனியா சொல்ல முடியாது. 10 பேர் இருக்கணும்.

புரியுதா? துக்கத்துல இருக்கிறவன் ரூமைப் பூட்டிக்கிட்டு உட்கார முடியாது. அவன் வெளியே வந்தாகணும். அவனுக்காக இன்னும் 9 பேர் தூக்கத்தை விட்டு, கடையைச் சாத்திட்டு வந்தாகணும். அவனுக்குப் பிடிச்ச 9 பேரா இருக்கணும்னுகூட இல்லை. சண்டைக்காரனும் வருவான். ஏன்னா நாளைக்கு அவன் வீட்டுல ஒண்ணுன்னா இவன் போகணும். ‘ஆறுதல் சொல்லுங்கள்’னு அட்வைஸ் பண்ணிட்டு விட்டுடாம, எண்ணிக்கை போட்டு ரூலாவே மாத்தி வெச்சுட்டாங்க. எனக்கு மின்யான் புரிஞ்சது இந்த இடத்துலதான்.

நடந்து போற தூரம்

இன்னொரு லாஜிக் பாருங்க. ஷபாத் அன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாது. அப்போ சினகாக்குக்கு எப்படிப் போறது? நடராஜா சர்வீஸ்தான். அதனால சினகாக்கைச் சுத்தி நடந்து போற தூரத்துலயே வீடு இருக்கணும். ஒரு ஓய்வுநாள் ரூல், ஒரு தெருவையே பிளான் பண்ணிடுது! கொச்சி மட்டாஞ்சேரியில இருக்கிற யூதத் தெரு அப்படித்தான். ஒரு காலத்துல அந்த ஒரே தெருவுல மூணு சினகாக் இருந்துச்சு.

‘அட, நாங்க பார்த்திருக்கோமே’ங்கறீங்களா? தெரியும் தெரியும். ஐ.வி.ன்னு சொல்லிட்டு கொச்சிக்கு பஸ் எடுக்காத காலேஜ் ஏது? ஒரு மணி நேரம் ஃபேக்டரி, ரெண்டு நாள் ஊர்சுத்தல்! அப்போ நீங்க பார்த்தது 1568-ல கட்டின பரதேசி சினகாக். ராஜாவோட அரண்மனைக்கும் பகவதி கோயிலுக்கும் பக்கத்துலயே, கொச்சி ராஜா கொடுத்த நிலத்துல கட்டினது. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ளே போகணும். அது கேரளத்துப் பழக்கம். சீனாவிலேருந்து வந்த நீல வெள்ளை டைல்ஸ், பெல்ஜியம் கண்ணாடி விளக்கு, வெளியே 1760-ல வந்த மணிக்கூண்டு... எல்லாத்தையும் பார்த்திருப்பீங்க.

கையில காசு வெச்சிருந்த சமூகம் கட்டின மண்டபம்னு மட்டும் நினைச்சுட்டு வந்துடாதீங்க. கொச்சி நகரத்துக்கு மின்சாரம் கொடுத்த கம்பெனியை நடத்தினது அங்கே இருந்த கோடர் குடும்பம்தான். ஊருக்கே கரன்ட் கொடுத்தவங்க, சனிக்கிழமை ஸ்விட்சைத் தொடாத சபைக்காரங்க. சூப்பர்ல?

கொச்சி யூதர்களுக்கு ‘ரபி’ன்னு சொல்ற குருமார் எப்பவுமே இருந்ததில்லை. விஷயம் தெரிஞ்ச பெரியவங்களே பிரார்த்தனையை நடத்துவாங்க. லெக்சரர் இல்லாம ஸ்டூடன்ட்ஸே நடத்தற கிளாஸ் மாதிரி. அது அத்தனை நூற்றாண்டு நடந்திருக்கு! சமூகத் தலைவருக்கு ராஜா கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? ‘முதலியார்’. சுமார் கி.பி. 1000-ல சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்கிற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்த செப்பேடும் இந்த சமூகத்துக்கிட்டதான் இருந்துச்சு. அதுல இருக்கிறது நம்ம பழைய வட்டெழுத்து. பெண்கள் மலையாளத்துல பாட்டு கட்டி, நோட்டுல எழுதி வெச்சு, கல்யாணத்துலயும் பண்டிகையிலயும் பாடினாங்க. ஆம்பளைங்க இருக்கிற இடத்துலயும் தயங்காம பாடினாங்க.

யார் அந்தப் பத்துல வரலாம்?

‘ஆஹா, எல்லாரும் சமம்’னு இங்கேயே சுபம் போட்டுடலாம்தான். ஆனா முழுக்கதை அது இல்லை.

முதல்ல, என் கேள்வி. பழைய முறையில நடக்கிற சினகாக்ல என்னை மாதிரிப் பொண்ணு அந்தப் பத்துல வர மாட்டா. கொச்சியிலயும் அப்படித்தான். பெண்களுக்கு இடம் மாடியில. வேற சில யூதப் பிரிவுகள் இதை மாத்திக்கிட்டாங்க. அமெரிக்காவுல கன்சர்வேட்டிவ் பிரிவு 1973-ல பெண்களையும் கணக்குல சேர்க்க வழிவிட்டுச்சு. பழைய முறைக்காரங்க இன்னமும் மாத்தலை.

ரெண்டாவது, இன்னும் வலிக்கிற கதை. கொச்சி யூதர்களுக்குள்ளேயே பிரிவினை இருந்துச்சு. பரதேசி சினகாக்ல, அடிமையா இருந்து விடுதலையானவங்களோட வம்சம்னு ஒரு பிரிவை ஒதுக்கி வெச்சாங்க. அவங்களும் யூதர்தான். அதே பிரார்த்தனை, அதே ஷபாத். ஆனா உள்ளே பெஞ்சுல உட்கார முடியாது. முன்னறையிலதான் இடம். கல்யாண உறவு கிடையாது. இடுகாடுகூடத் தனி.

அந்தப் பிரிவுல 1882-ல பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். (நம்ம சேலம் இல்லைங்க, இது அவர் பேர்!) எர்ணாகுளத்துல படிச்சு, நம்ம சென்னைக்கு வந்து சட்டம் படிச்சார். கொச்சி யூதர்கள்ல முதல் பட்டதாரி அவர்தான். வக்கீலாகி, படகுத் தொழிலாளர்களைத் திரட்டி, கொச்சி சட்டசபை உறுப்பினராவும் ஆனார். ஊருக்கே சட்டம் பேசினவருக்கு, தன் தெரு சினகாக்ல பெஞ்ச் கிடையாது!

அவர் என்ன பண்ணார்? முதல்ல சினகாக்குக்குப் போறதையே நிறுத்தினார். அப்புறம் காந்தி வழியில இறங்கி, சினகாக்குக்கு உள்ளேயே சத்தியாகிரகம். ஒரே நாள்ல ஜெயிக்கலை. வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா தடைகள் விலகிச்சு. ‘யூத காந்தி’ன்னு அவரைச் சொன்னாங்க. 1967-ல இறந்தார். இன்னிக்கு அந்தத் தெருவுக்குப் பேரே ஏ.பி.சேலம் ரோடு. அடுத்த தடவை போறப்போ போர்டைப் பாருங்க.

கட்டடம் இங்கே, பத்து பேர் அங்கே

1948-ல இஸ்ரேல் உருவாச்சு. அப்போ கொச்சி யூதர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். யாரும் விரட்டலை. பக்கத்து வீட்டுக்காரங்களோட சண்டையும் இல்லை. வேதத்துல படிச்ச மண்ணுக்குப் போகணும்கிற ஆசை, பொருளாதார நெருக்கடி எல்லாம் சேர்ந்து 1950-கள்ல ஊர் ஊரா கிளம்பிட்டாங்க. குடும்பத்துல பாதி கிளம்பினா மீதியும் கிளம்பித்தானே ஆகணும்? சினகாக்ல 10 பேர் இல்லாத ஊர்ல எப்படி இருக்கிறது?

பரதேசி சமூகத்துல கொஞ்சம் பேர் தங்கினாங்க. 1968-ல சினகாக்கோட 400-வது வருஷ விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தாங்க. தபால்தலை வந்துச்சு. ஆனா எண்ணிக்கை மட்டும் வரலை. அப்புறம் பல வருஷம், வெளிநாட்டிலேருந்து டூர் வந்த யூதர்களையும் சேர்த்துத்தான் 10 பேரை நிறைச்சாங்க. ஒருத்தரை முன்னறையில உட்காரவெச்ச சபை, பின்னாடி ஒரு ஆளுக்காக வாசலைப் பார்த்துக் காத்திருந்துச்சு. யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லலை. நம்ம டிபார்ட்மென்ட்லயும், நம்ம தெருவுலயும் யாரை முன்னறையில உட்காரவெச்சிருக்கோம்னு ஒரு நிமிஷம் யோசிக்கத்தான்.

மட்டாஞ்சேரியிலயே இன்னொரு சினகாக், கடவும்பாகம். அதோட உள்கட்டு மரவேலைகளைக் கழட்டி எடுத்துட்டுப் போய், 1995-ல ஜெருசலேம் மியூசியத்துல அப்படியே பொருத்திட்டாங்க. இங்கே நின்ன வெறுங்கட்டடத்துல ஒரு பகுதி 2019 மழையில இடிஞ்சு விழுந்துச்சு. இஸ்ரேலின் பாலைவனப் பகுதியில நெவாதிம்னு ஒரு கிராமம். கொச்சியிலேருந்து போனவங்க வேர்விட்ட இடம். அங்கே கொச்சி பாணியிலயே ஒரு சினகாக் கட்டிக்கிட்டாங்க. மியூசியத்துல இருக்கிறது அழகான மரம். நெவாதிம்லதான் ஆள் இருக்கு. சினகாக்னா எதுன்னு நீங்களே சொல்லுங்க.

விளக்கை யார் துடைக்கிறாங்க?

இந்தியாவுல கதை முடிஞ்சு போச்சான்னா, இல்லை. மும்பைப் பக்கம் வாங்க. கொங்கண் கரையில செக்காட்டி எண்ணெய் எடுத்த யூதர்களை ஊர்க்காரங்க ‘ஷனிவார் தேலி’ன்னு கூப்பிட்டாங்க. சனிக்கிழமைச் செக்காருங்கன்னு அர்த்தம். ஏன்னா அன்னிக்கு மட்டும் செக்கு ஓடாது. மத்த யூதர்களோட தொடர்பு விட்டுப்போயி, ஹீப்ரு பிரார்த்தனை பெரும்பாலும் மறந்து போச்சு. ஆனா சனிக்கிழமை லீவை மட்டும் விடலை! 1796-ல மும்பையில அவங்க முதல் சினகாக் எழுந்துச்சு. இப்போ இந்திய யூதர்கள்ல அதிகம் பேர் மும்பை, தாணே பக்கம்தான். தாணேயில 1879-ல கட்டின சினகாக்ல இன்னிக்கும் சபை கூடுது.

கொல்கத்தாவுல நேர்மாறு. பிரமாண்டமான சினகாக்குகள் இருக்கு, யூதர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். தலைமுறை தலைமுறையா அந்தக் கட்டடங்களைப் பெருக்கி, துடைச்சு, பாத்துக்கிட்டு வர்றது முஸ்லிம் குடும்பங்கள். 1881-ல யூதப் பெண் குழந்தைகளுக்குன்னு தொடங்கின ஸ்கூல்ல இப்போ படிக்கிறதும் பெரும்பாலும் முஸ்லிம் பொண்ணுங்க. கொச்சியில சாரா கோஹன்னு ஒரு பாட்டி, ரொட்டியை மூடற துணியும் தொப்பியும் எம்பிராய்டரி போட்டு வித்தவங்க, 96 வயசுல 2019-ல இறந்தாங்க. அந்தத் தெருவுல போஸ்ட் கார்டு வித்துக்கிட்டிருந்த ஒரு முஸ்லிம் பையன்தான் அவங்ககிட்டே பழகி, தையல் கத்துக்கிட்டு, கடைசிவரை கூட இருந்தவர். இவங்க யாரும் மின்யான் கணக்குல வர மாட்டாங்க. ஆனா கதவு திறந்திருக்கிறதே இவங்களாலதான்.

ஸோ, அடுத்த ஐ.வி.க்கு மூணு டிப்ஸ். ஒண்ணு, சனிக்கிழமை போய் நிக்காதீங்க, உள்ளே விட மாட்டாங்க. ரெண்டு, மும்பை சினகாக்னா அடையாள அட்டை கேட்பாங்க, கோவிச்சுக்காதீங்க. 2008 நவம்பர் தாக்குதல்ல அங்கே ஒரு யூத மையமும் குறிவைக்கப்பட்டுச்சு. மூணு, கொச்சியில டைல்ஸை மட்டும் எண்ணாதீங்க, பெஞ்சுகளை எண்ணிப் பாருங்க. எத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடம்னு புரியும்.

கடைசியா ஒரு கேள்வி, ஹோம்வொர்க்னு வெச்சுக்கங்க. ஃபேர்வெல்லுக்கும் கல்ச்சுரல்ஸுக்கும் நாம போகலைன்னாலும் ஸ்டேஜ்ல லைட் எரியும், பாட்டு ஓடும். நீங்க ஒருத்தர் வரலைன்னா நடக்காமலே நின்னு போயிடற விஷயம் ஒண்ணாவது உங்க வாரத்துல இருக்கா? சாயங்காலம் குப்பத்துப் பசங்களுக்கு எடுக்கிற டியூஷன், ரத்தம் கொடுக்கிறேன்னு கொடுத்த வார்த்தை, அப்பாவை இழந்த ரூம்மேட்டோட பக்கத்துக் கட்டில்... எதுவா வேணா இருக்கட்டும்.

யோசிச்சு வைங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!